ட்ரம் கோர் சீருடையும் இசையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்தில். மகள் பள்ளியின் மார்ச்சிங் பேண்டில், அதாவது அணிவகுத்து நடந்துகொண்டே வாசிக்கும் குழுவில், மெல்லோஃபோன் என்ற பித்தளை ஊதுகருவி வாசிக்கிறாள், பெற்றோர் குழுவில் சீருடைப் பொறுப்பு என்னுடையது. அப்படித்தான் ட்ரம் கோர் பக்கம் வந்து சேர்ந்தேன், இப்போது கோடை பிறந்தால் வேறு நினைப்பே ஓடாது. புதிதாகப் பார்க்க ஆரம்பித்த நண்பர்களும் ஊரிலிருந்து போனில் பேசும் சொந்தக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்பது இரண்டே விஷயம்தான். உடுப்பு ஏன் இப்படி மாறிப்போச்சு? ஒரே பாட்டை ஏன் ஆளுக்கொரு மாதிரி வாசிக்கிறார்கள்? இரண்டும் ஒரே கேள்வி என்பது என் கட்சி. ஏன் என்று கீழே போகப் போகச் சொல்கிறேன்.

ட்ரம் கோர் என்றால் என்ன? பேண்டு வாத்தியம்தானே?

பேண்டுதான், ஆனால் கிளாரினெட், சாக்ஸபோன், புல்லாங்குழல் எதுவும் கிடையாது. பித்தளைக் கருவிகள், முரசுகள், மைதானத்தின் முன் ஓரத்தில் குச்சியால் தட்டி வாசிக்கும் மரிம்பா, வைப்ரபோன் வகையறா அடுக்கிய 'பிட்', அப்புறம் கொடியும் மரத் துப்பாக்கியும் வாளும் சுழற்றுகிற கலர் கார்ட். பெரிய குழுவில் நூற்றைம்பது பேருக்கு மேல் இருப்பார்கள், எல்லாருமே இருபத்தியிரண்டு வயதுக்குள். கோடை முழுக்க பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், பள்ளி ஜிம் தரையில் படுத்து எழுந்து, பதினொன்று பன்னிரண்டு நிமிட ஷோ ஒன்றை மட்டும் நாள் பூராவும் இழைத்து இழைத்துப் பயிற்சி செய்வார்கள். அதற்குப் பல ஆயிரம் டாலர் கட்டணமும் அவர்களே கட்ட வேண்டும். இந்தக் குழுக்களின் போட்டிகளை நடத்தும் அமைப்பான ட்ரம் கோர் இன்டர்நேஷனல், சுருக்கமாக டிசிஐ, 1971ல் ஆரம்பித்தது. முதல் சாம்பியன்ஷிப் 1972ல் விஸ்கான்சினில் வைட்வாட்டர் என்ற ஊரில் நடந்தது. 2009லிருந்து இறுதிப்போட்டிக்கு வீடு இண்டியானாபொலிஸ் நகரின் லூகாஸ் ஆயில் ஸ்டேடியம்.

'கோர்ப்ஸ்' என்று சொல்லலாமா?

வேண்டாம். 'கோர்' தான். பின்னால் வருகிற இரண்டு எழுத்தும் ஊமை.

சீருடைக்கு மார்க் உண்டா?

தனியாக இல்லை. நூறில் நாற்பது 'ஜெனரல் எஃபெக்ட்', அதாவது மொத்தமாகப் பார்ப்பவரை எவ்வளவு தொட்டது என்பதற்கு. முப்பது காட்சிக்கு, முப்பது இசைக்கு. உடுப்பு என்று ஒரு தலைப்பு அதில் கிடையாது. ஆனால் எல்லாத் தலைப்பிலும் உடுப்பு நுழைந்துவிடும்.

இதை நான் கற்றுக்கொண்டது தரையில் உட்கார்ந்து. பள்ளிச் சீருடையில் 'பிப்பர்' என்று ஒன்று உண்டு, மார்பு வரை ஏறி தோளில் வார் மாட்டுகிற கால்சட்டை (பேண்ட்). ஒவ்வொரு ஆகஸ்டிலும் பிள்ளைகள் ஷூ போட்டுக்கொண்டு வரிசையாக நிற்பார்கள், நாங்கள் நாலைந்து பேர் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு காலாக விளிம்பை அளந்து மடித்து பட்டன் போடுவோம். முதல் வருஷம் ஒரு பையனுக்கு அரை அங்குலம் நீளமாக விட்டுவிட்டேன். அன்றைய ஆட்டத்தை மேல் படிக்கட்டிலிருந்து பார்த்தால் அவன் ஒவ்வொரு அடியையும் கொஞ்சம் தாமதமாக வைக்கிற மாதிரியே இருந்தது. அவன் கால் தாளத்தில்தான் விழுந்தது, துணிதான் பிந்தியது. அடுத்த வாரம் மடிப்பை ஏற்றியதும் அவன் வரிசையில் கலந்துபோனான், எங்கே நிற்கிறான் என்று நானே தேட வேண்டியிருந்தது. வெள்ளை பேண்ட் போட்டு கறுப்பு ஷூ போட்டால் எந்தக் கால் எப்போது தரையைத் தொடுகிறது என்பது கடைசி வரிசை வரை தெரியும். இடுப்புக்குக் கீழே எல்லாமே கறுப்பு என்றால் சின்னப் பிசகு மறைந்துவிடும். எந்தக் குழு எதைத் தேர்ந்தெடுக்கிறது என்று பாருங்கள், தங்கள் கால் மேல் அவர்களுக்கு எவ்வளவு நம்பிக்கை என்று அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

டிசிஐக்கு முந்தைய காலத்தில் உடுப்புக்கு நேரடியாகவே மார்க் குறைப்பார்கள். முன்னாள் படைவீரர் சங்கங்கள் நடத்திய போட்டிகளில் ஆட்டத்துக்கு முன் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி பொத்தான், பக்கிள், ஷூ பாலிஷ் வரைக்கும் சோதனை போட்டார்கள்.

பழைய சீருடை ஏன் பட்டாளத்துக்காரன் உடுப்பு மாதிரி இருக்கிறது?

ஆரம்பித்து வைத்தவர்களே பட்டாளத்துக்காரர்கள்தான். முதல் உலகப்போர் முடிந்து திரும்பியவர்கள் 1919ல் தொடங்கிய அமெரிக்கன் லீஜியன் மாதிரி சங்கங்களில் கூடி, கைக்குத் தெரிந்த ப்யூகிள் என்ற ராணுவ ஊதுகொம்பையும் முரசையும் வைத்து ஊர்வலம் போனார்கள். பிறகு தேவாலயங்களும் சாரணர் குழுக்களும் தங்கள் பையன்களுக்கு அதையே சொல்லிக்கொடுத்தன. ஒவ்வொரு குழுவும் ஏதோ ஒரு படையின் தோற்றத்தை எடுத்துக்கொண்டது. நியூஜெர்சியில் கார்ஃபீல்டு ஊரில் 1934ல் தொடங்கிய கேடட்ஸ், வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி மாணவர்களின் அங்கியை மெரூன் நிறத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். வயோமிங்கின் காஸ்பர் ஊரில் 1957ல் வந்த ட்ரூப்பர்ஸ் அமெரிக்கக் குதிரைப்படை. சாண்டா கிளாரா வேன்கார்டு பக்கவாட்டில் மடித்த ஆஸ்திரேலிய பாணித் தொப்பி, அதை எல்லாரும் செல்லமாக 'ஆஸி' என்பார்கள். எங்கள் மாநிலத்து கேன்டன் ஊரின் ப்ளூகோட்ஸ் 1972ல் உருவானது, பெயரே அந்த ஊர் போலீஸ்காரர்களின் நீல அங்கியை வைத்து வந்ததுதான்.

அந்த உயரத் தொப்பி எதற்கு?

ஷாகோ. ஹங்கேரிக்காரர்களிடமிருந்து ஐரோப்பியப் படைகளுக்குப் பரவிய தொப்பி. மேலே செருகும் இறகுக் குஞ்சத்துக்குப் பெயர் ப்ளூம். அலங்காரத்துக்கு மட்டும் என்று நினைத்தால் அது செய்கிற வேலையைப் பார்க்காமல் விட்டுவிடுவோம். தொப்பி நெற்றியை மறைத்துவிடுவதால் குள்ளம், நெட்டை, மீசை, கண்ணாடி எதுவும் தூரத்துக்குத் தெரியாது, நூற்றைம்பது பேர் ஒரே உடம்பாகிவிடுவார்கள். தலையைச் சட்டென்று திருப்பினால் ப்ளூம் அரை நொடி பிந்தி ஆடி அந்த அசைவைக் கடைசிப் படிக்கட்டுவரை கொண்டுவந்து சேர்க்கும்.

ப்ளூமை முன்கூட்டியே செருகி வைக்கமாட்டார்கள், மழையும் கை எண்ணெயும் பட்டால் இறகு ஒட்டிக்கொள்ளும். நாங்கள் வெள்ளைக் கையுறை போட்டுத்தான் பெட்டியிலிருந்து எடுப்போம். மைதான வாசலில், முந்தைய குழு இன்னும் உள்ளே வாசித்துக்கொண்டிருக்கும்போது, வரிசையில் நடந்து ஒவ்வொருவர் தொப்பியிலும் செருகி ஒரு தட்டுத் தட்டிவிடுவோம். அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை, ப்ளூம் ஏறியதும் வாயை மூடி நேராக நிற்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைக்கும்.

இவ்வளவு சொல்கிறீர்கள், அப்புறம் ஏன் கழற்றிப் போட்டார்கள்?

திருப்பம் என்றால் 2016. அதற்கு முன்பும் அங்கங்கே செய்து பார்த்ததுதான், ஆனால் அந்த வருஷம் ப்ளூகோட்ஸ் தலையில் ஒன்றுமில்லாமல், விளையாட்டு வீரர் உடுப்பு மாதிரி இழுபடும் துணியில் இறங்கி, ஸ்கேட்போர்டு சறுக்குமேடை போன்ற பெரிய அமைப்புகளில் ஏறிச் சறுக்கி வாசித்து, தங்கள் முதல் சாம்பியன் பட்டத்தை வாங்கிவிட்டார்கள். ஷோவின் பெயர் 'டவுன் சைட் அப்'. ஷாகோவும் தோள்பட்டை வைத்த கனத்த அங்கியும் போட்டுக்கொண்டு அந்தச் சறுக்கலில் இறங்க முடியாது. கோப்பையும் கையில் வந்ததால் மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது, சில வருஷங்களில் மேல்வரிசைக் குழுக்களில் ஷாகோ போட்டவர்களை விரல்விட்டு எண்ண வேண்டியதாயிற்று.

தொழில்நுட்பக் காரணமும் உண்டு. துணியிலேயே எந்த வடிவத்தையும் அச்சடிக்கிற முறை வந்தபிறகு வருஷத்துக்கு ஒரு உடுப்பு சாத்தியமானது. முன்பெல்லாம் ஒரு செட் தைத்தால் தையல் பிரித்து ஆள் மாற்றி ஆள் மாற்றிப் பல வருஷம் ஓட்டுவார்கள். வெயிலையும் மறக்கக்கூடாது. ஜூலை மாதம் தெற்கு மாநிலங்களில் கனத்த கோட்டுக்குள் ஓடிக்கொண்டே ட்ரம்பெட் ஊதுவது சின்ன சித்திரவதை இல்லை. இதைப் படிக்கட்டில் குடையோடு உட்கார்ந்து பார்க்கிற நாம் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, நீங்கள் எந்தப் பக்கம்?

புது உடுப்புக்கு நான் எதிரி இல்லை. என் சோதனை ரொம்ப எளிது. அறிவிப்பாளர் பெயர் சொல்வதற்கு முன் இது எந்தக் குழு என்று தெரிய வேண்டும், அல்லது இது எந்த ஷோ என்று தெரிய வேண்டும். இரண்டில் ஒன்றாவது. ப்ளூகோட்ஸ் 2017ல் 'ஜாகட் லைன்' என்று ஜாஸ் ஷோ செய்தபோது பழைய ஜாஸ் காலத்து உடையில் வந்தார்கள், முதல் ஸ்வரத்துக்கு முன்பே எங்கே போகப்போகிறோம் என்று புரிந்துவிட்டது. ட்ரூப்பர்ஸ் எத்தனை மாற்றம் செய்தாலும் குதிரைப்படையின் வாசனையை விடுவதில்லை. இரண்டுமே எனக்குச் சம்மதம்.

எனக்குப் பிடிக்காதது எதுவென்றால், அடுத்தடுத்து மூன்று குழு உள்ளே வருகிறது, மூன்றுமே உடம்பை ஒட்டிய சாம்பல் துணி, நெஞ்சில் சாய்வாக நிறம் கரையும் ஒரு கோடு, ஒரு கை மட்டும் வேறு நிறம். அதை யார் போட்டிருந்தாலும் ஒன்றுதான். அந்தப் பிள்ளைகள் குளிர்காலம் முழுக்க குழுவுக்கு ஆள் எடுக்கும் தேர்வுகளுக்குப் போய், இந்தக் குழுதான் வேண்டும் என்று சேர்ந்தவர்கள். எந்தக் குழு என்று சொல்லாத ஒரு உடுப்பை அவர்களுக்கு மாட்டிவிடுவது அநியாயம்.

கேடட்ஸின் மெரூன் அங்கிக்கு ஏன் இவ்வளவு அழுகை?

பத்து டிசிஐ பட்டம், தொண்ணூறு வருஷத்தை ஒட்டிய வரலாறு, 2024 ஜனவரியில் மூடுவதாக அறிவிப்பு. மெரூன் மேலங்கி, குறுக்கே வெள்ளை வார், க்ரீம் பேண்ட். தாத்தாவின் போட்டோவையும் பேரனின் போட்டோவையும் பக்கத்தில் வைத்தால் ஒரே குழு என்று குழந்தை கூடச் சொல்லும். அந்தக் குறுக்கு வார் ஈவிரக்கம் இல்லாதது, தோள் ஒரு அங்குலம் சாய்ந்தாலும் காட்டிக்கொடுக்கும். அதைப் போட்டுக்கொண்டு அவர்கள் மின்னல் வேகத்தில் ஓடினார்கள் என்பதுதான் விஷயம். கடைசி வருஷங்களில் அந்த உடுப்பை மாற்றியும் திரும்பக் கொண்டுவந்தும் பார்த்தபோதெல்லாம் பழைய உறுப்பினர்கள் கொதித்தார்கள். அப்போது எனக்கு அது மிகையாகப் பட்டது. இப்போது குழுவே இல்லை, மிச்சம் இருப்பது அலமாரிகளில் தொங்குகிற அங்கிகள்தான். அவர்கள் கொதித்ததில் நியாயம் இருந்தது என்றே இன்று நினைக்கிறேன்.

ஒரே இசையை ஏன் ஒவ்வொரு குழுவும் வேறு மாதிரி வாசிக்கிறது? எது சரி?

ஒரே கீர்த்தனையை இரண்டு வித்வான்கள் பாடினால் எது சரி என்று கேட்போமா? ஆனால் இங்கே இன்னொரு சிக்கல் சேர்ந்திருக்கிறது, மூல இசை பெரும்பாலும் இந்தக் கருவிகளுக்கு எழுதப்பட்டதே இல்லை.

நல்ல உதாரணம் அமெரிக்க இசையமைப்பாளர் ஆரன் கோப்லண்டின் 'அப்பலேச்சியன் ஸ்ப்ரிங்'. 1944ல் மார்த்தா கிரஹாமின் நடனத்துக்காக எழுதியது. முதல் வடிவத்தில் மொத்தம் பதின்மூன்று கருவிகள், தந்திகள், பியானோ, புல்லாங்குழல், கிளாரினெட், பஸூன். ஒரு ட்ரம்பெட் கூடக் கிடையாது. அப்படிப்பட்ட ஒன்றை 1987ல் கார்ஃபீல்டு கேடட்ஸ் எடுத்து வாசித்துப் பட்டம் வாங்கினார்கள். அன்று விதிப்படி 'ஜி' சுருதி ப்யூகிள்தான், அதிலும் விரலால் அழுத்தி ஸ்வரம் மாற்றும் வால்வு இரண்டே இரண்டு. மூன்றாவது வால்வுக்கு 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதனால் கீழ் ஸ்தாயியில் சில ஸ்வரங்கள் கருவியிலேயே கிடையாது. மைக்கும் இல்லை. இல்லாத ஸ்வரத்தைச் சுற்றிக்கொண்டு எழுத வேண்டும், மென்மையான இடத்தைக்கூட மைதானம் கடந்து ஊத வேண்டும். அதில் பிறந்த ஒரு கூர்மை, ஒரு அவசரம் அந்தப் பதிவில் இருக்கிறது.

2009ல் சாண்டா கிளாரா வேன்கார்டு அதே இசையை எடுத்தது, தலைப்பு 'பாலே ஃபார் மார்த்தா'. கோப்லண்டு தன் கையெழுத்துப் படியில் வைத்திருந்த பெயரே அதுதான். அதற்குள் எல்லாச் சுருதிக் கருவியும் வந்துவிட்டன, பிட்டுக்கு மைக் வந்துவிட்டது, அந்த வருஷத்திலிருந்து சின்தசைசரும் அனுமதி. அந்த இசைக்குள் வேன்கார்டு கேட்டது நடனத்தை. நான் இரண்டையும் எத்தனையோ தடவை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டிருக்கிறேன். கேடட்ஸைக் கேட்டால் ஓட வேண்டும் போலிருக்கும், வேன்கார்டைக் கேட்டால் உட்கார்ந்து இன்னொரு தடவை போடத் தோன்றும். ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளலாம் என்றால் 1987. ஆனால் என் மகள் 2009 தான் என்று அடித்துச் சொல்வாள், அவள் காதுக்கு 'ஜி' ப்யூகிள் கொஞ்சம் கரகரக்கிறது.

இப்போதெல்லாம் பாட்டை வெட்டி வெட்டி ஒட்டுகிறார்களே?

இந்தக் குறையில் நான் முழுக்க உங்கள் பக்கம். பதினொரு நிமிஷத்துக்குள் எட்டு பாட்டு, ஒவ்வொன்றிலும் நாலு பார் (தாளச் சுற்று), மெட்டு முகத்தைக் காட்டுவதற்குள் அடுத்தது. ஃபேண்டம் ரெஜிமெண்ட் குழு வாக்னரின் 'எல்ஸா ஊர்வலம்' வாசிக்கும்போது மெட்டு தானே ஏறி ஏறி வெடிக்கும் வரை பொறுமையாக விடுவார்கள், மேடிசன் ஸ்கவுட்ஸ் குழு 1988ல் 'மலகேன்யா' வாசித்துப் பட்டம் வாங்கியபோது ஜனங்கள் எழுந்து நின்று கத்த நேரம் கொடுத்தார்கள். அந்த மலகேன்யாவும் மூலத்திலிருந்து வெகு தூரம் வந்ததுதான், எர்னெஸ்டோ லெக்வோனா அதை எழுதியது பியானோவுக்கு, ஸ்டான் கென்டனின் ஜாஸ் குழு வழியாக வந்துதான் அது பித்தளையில் எரிய ஆரம்பித்தது. மாற்றுவது தப்பில்லை. மாற்றியதை மூச்சு விட வைக்க வேண்டும்.

உடுப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

முதலிலேயே ஒரே கேள்வி என்றேனே, இதுதான். கனத்த அங்கியில் உடம்பு நிமிர்ந்துதான் நிற்கும், கை ஓரளவுக்கு மேல் ஏறாது. அதனால் ஷோ என்றால் நடப்பதும் ஊதுவதும், நீண்ட மெட்டு, நீண்ட வரிசை. இழுபடும் துணி வந்ததும் உடம்பு விடுதலையானது. உடனே நடனம் அமைப்பவர் நேரம் கேட்டார். படுத்து எழ வேண்டும், தூக்க வேண்டும், மேடையில் ஏற வேண்டும். ஊதிக்கொண்டே அதெல்லாம் முடியாது. ஆகவே கஷ்டமான பகுதியை ஒரு சின்னக் கூட்டம் அசையாமல் நின்று ஊதும், மற்றவர்கள் ஆடுவார்கள், பிறகு மாற்றிக்கொள்வார்கள். இசை எழுதுபவர் அதற்கேற்ப துண்டு துண்டாகத்தான் எழுத முடியும். துணி மாறியதில் தொடங்கி மெட்டின் நீளம் வரை வந்துவிட்டது.

ஸ்டார் ஆஃப் இண்டியானா குழுவின் 1993 ஷோ பற்றி ஏன் இன்னும் சண்டை?

பார்பர், பார்டோக் என்ற இரண்டு இசையமைப்பாளர்களின் இசையை எடுத்து, கைதட்ட இடமே வைக்காமல், வெறுமையும் கூர்மையுமாக ஒரு ஷோ. பார்வையாளர்களில் ஒரு பகுதி வெளிப்படையாகவே வெறுப்பைக் காட்டியது. இறுதிப்போட்டியில் கேடட்ஸ் 97.4, ஸ்டார் 97.3. ஒரே ஒரு பத்தில் ஒரு பங்கு. அதோடு ஸ்டார் போட்டியை விட்டே வெளியேறி மேடை நிகழ்ச்சிக்குப் போனது, அந்தப் பாதைதான் 2001ல் நியூயார்க்கின் பிராட்வே அரங்குக்கு வந்த 'பிளாஸ்ட்' என்ற மேடை நிகழ்ச்சி வரை கொண்டுபோனது. இன்று நாம் பார்க்கிற உடல் அசைவில் பாதி அந்தப் பதினொரு நிமிஷத்திலிருந்து வந்தது என்பேன். அன்று அரங்கில் இருந்திருந்தால் நானும் முகம் சுளித்திருப்பேனோ என்னவோ. இப்போது கேட்டால் உடம்பு சிலிர்க்கிறது.

மைக், சின்தசைசர், பேச்சு: இதெல்லாம் வேண்டுமா?

2004ல் மைக், 2009ல் மின்னணுக் கருவி. ப்ளூகோட்ஸ் 2014ல் 'டில்ட்' ஷோவில் மொத்தப் பித்தளையின் சுருதியும் சரிந்து வழிகிற மாதிரி செய்தார்கள், அதைக் கேட்டபின் மின்சாரமே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் இருபது பேர் டியூபா என்ற பெரிய பித்தளைக் கருவியை உயிரைக் கொடுத்து ஊதும்போது ஸ்பீக்கரில் சின்தசைசரின் அடிநாதத்தைத் திறந்துவிட்டு அவர்களை மூழ்கடிப்பது கொடுமை. இசை நடுவே வசனம் பேசுவதும் எனக்கு ஒப்பவில்லை, கேடட்ஸே 2007 வாக்கில் அதற்காக நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

முதல் தடவை நேரில் போகிறேன், எதைப் பார்க்கட்டும்?

இரண்டு மணி நேரம் முன்னாடியே போய் வண்டி நிறுத்துமிடத்தில் நில்லுங்கள், அங்கேதான் ட்ரம் லைன், அதாவது முரசுக்காரர்கள், வாசித்துச் சூடேற்றிக்கொண்டிருப்பார்கள். டிக்கெட் கூடத் தேவையிருக்காது. அங்கே அவர்கள் பாதி உடுப்பில் இருப்பார்கள், மேலே பழைய பனியன், கீழே ஷோ பேண்ட். அதே இசையை, அதே பிள்ளைகள், வட்டமாக நின்று உங்களிடமிருந்து பத்தடி தூரத்தில் வாசிப்பார்கள். அதைக் கேட்டுவிட்டு உள்ளே போய், முழு உடுப்பில் அவர்கள் மைதானத்தில் இறங்கும்போது இன்னொரு தடவை கேளுங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள், உங்களுக்கு எது பிடித்தது என்று தெரிந்துகொள்ள உண்மையிலேயே ஆசை.